வெளியாட்கள் வரிசை எங்கே?

அப்பாசியா, குவைத்.
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடைகள் திறக்கும் நேரம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் விஜயபாஸ்கர் அவர்களுக்கு, உங்கள் தங்கை சுசீலாவின் வீட்டுக்காரன் அனந்தகிருஷ்ணன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், சுசீலா, சுசீலாவின் முழங்கால் வலி ஆகிய மூவரும் ஒரே வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் சர்க்கரையும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போவீர்கள் என்று நம்புகிறேன். மயிலாடுதுறையில் மழை உண்டா, வாசல் சாக்கடையை மூடினார்களா என்பதையும் அறிய ஆவல்.

வாட்ஸப்பில் சொல்லாமல் இவன் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறான் என்று நினைப்பீர்கள். வாட்ஸப்பில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள், மச்சான். எனக்கு அறுபது முடிந்துவிட்டது, இக்காமாவை, அதாவது இங்கே குடியிருக்கும் அனுமதியை, கம்பெனி இனிமேல் புதுப்பிக்காது என்று எழுதினேன்; கட்டைவிரல். சுசீலா குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல். இப்போது சொல்லப்போகிற விஷயத்துக்கும் நீங்கள் விரலைக் காட்டினால் என் மனசு தாங்காது. அதனால்தான் பேனா.

விஷயம் உங்கள் வீட்டு மேல்மாடியைப் பற்றியது. நான் குவைத்தை விட்டு வரும்போது நாங்கள் இருவரும் அங்கே வந்து தங்குவது என்று பேசித்தான் அதைக் கட்டினோம். 'பெயிண்ட் முடிஞ்சுது, லேசான பச்சை, சுசீலாவுக்குப் பிடிக்கும்' என்று போன வாரம் படத்தோடு செய்தி அனுப்பியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுச் சுசீலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உங்கள் வீட்டு அக்கா காலமான பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் ஒருத்தராகச் சமைத்து, ஒருத்தராகச் சாப்பிட்டு, ஒருத்தராக டீவியைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேல்மாடியை நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடுங்கள். நாங்கள் ஹவாய்த் தீவில் பிள்ளை முகிலனோடு இருக்கப் போகிறோம்.

கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். போன கோடையில் நாங்கள் முகிலனைப் பார்க்கப் போய்வந்தோம் அல்லவா, அங்கே நடந்ததை உங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது சிரித்தாலும் பரவாயில்லை என்ற வயதுக்கு வந்துவிட்டேன்.

நான் குவைத்துக்கு வந்த புதிதில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. 'இங்கே ஜனங்கள் மிகவும் நல்லவர்கள், பார்த்த முதல் நாளே ஒருவர் என்னை ரஃபீக் என்று அழைத்தார், அரபியில் அதற்கு நண்பன் என்று அர்த்தமாம்' என்று எழுதியிருந்தேன். அதை நீங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினீர்கள் என்று சுசீலா பிறகு சொன்னாள். ஒரு மாதம் போனதும் எனக்குப் புரிந்தது. பெட்ரோல் போடுகிறவன் ரஃபீக், தெரு கூட்டுகிறவன் ரஃபீக், மூட்டை தூக்குகிறவன் ரஃபீக், கையில் சாவிக்கொத்தோடு ஸ்டோரில் நிற்கிற நானும் ரஃபீக். நண்பன் என்ற சொல் நடந்து நடந்து தேய்ந்து, பேர் தெரியாத வெளியூர்க்காரனைக் கைதட்டிக் கூப்பிடுகிற சொல்லாக ஆகிவிட்டிருந்தது. கூப்பிட்டவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். எங்கள் முதலாளியின் அம்மா ரம்ஜானுக்கு ரம்ஜான் எங்கள் வீட்டுக்குப் பெரிய தூக்கில் ஹரீஸ் கொடுத்தனுப்புவார். கோதுமையும் கறியும் போட்டுக் குழைத்த அதை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. மாடியில் இஃப்பத் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூக்கைக் கழுவித் தருவார்கள். சொல்லின் மேல்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

சரி, ஊருக்கு லீவில் வந்தால் அங்கே நான் யார்? குவைத்துக்காரர். முதலில் அது மரியாதைச் சொல்லாக இருந்தது. கல்யாண வீட்டில் முன் வரிசை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, 'குவைத்துக்காரர் வந்துட்டாரு, உட்காருங்க' என்பார்கள். சில வருடம் கழித்துக் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர்கள் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தார்கள். பிறகு ஆட்டோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'குவைத்து வீடுதானே, ஏறுங்க சார்' என்று அவர்கள் சிரிக்கும்போதே வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். இப்போது அதே சொல்லை, 'இன்னும் அங்கேயா இருக்கீங்க?' என்று பரிதாபமாக நீட்டுகிறார்கள். சொல் ஒன்றுதான், மச்சான். அது உயரத்திலிருந்து கீழே இறங்குவதை நான் என் காதாலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நீங்களும் முப்பது வருடமாக என்னை யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் 'எங்க குவைத்து மாப்பிள்ளை' என்றுதான் சொல்கிறீர்கள்.

முகிலன் கதை இன்னும் மோசம். அப்பாசியாவில் பிறந்து, இங்கேயே இந்தியப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன். பிறந்த ஊரில் இருக்க அவனுக்கு உரிமை கிடையாது. எங்களைப் பார்க்க வந்தால் விசிட் விசாவில்தான் வருகிறான். அங்கே உங்களிடம் வந்தால், சுற்றிலும் மலையாளக் குடும்பங்களோடு வளர்ந்ததால் அவன் பேசும் தமிழைக் கேட்டு, 'தம்பி பாலக்காடா?' என்று கேட்கிறார்கள். இப்படி எந்தப் பக்கமும் ஒட்டாத பிள்ளை, கப்பல்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலை கிடைத்து ஹவாய் போய்ச் சேர்ந்தான். அங்கே வெளியிலிருந்து வந்தவர்களுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது, ஹவோலே என்று போனில் சொன்னான். என் பிள்ளைக்கு அங்கேயும் ஒரு பட்டம் தயாராக இருக்கிறதே என்று அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

'அப்பா, அது எனக்கு இல்லப்பா,' என்றான். 'முன்னாடி வெளியிலேர்ந்து யார் வந்தாலும், எது வந்தாலும் அந்த வார்த்தைதானாம். இப்போ வெள்ளைக்காரங்களை மட்டும்தான் அப்படிச் சொல்றாங்க. என்னைப் பார்த்தா லோக்கல்னு நினைச்சிடறாங்க.'

'நீ போயி எத்தனை நாளாச்சு?' என்றேன்.

'ஆறு மாசம் இருக்கும்.'

'ஆறு மாசத்துல லோக்கலா? இங்க உங்கப்பன் முப்பது வருஷமா நிக்கிறேன்டா.'

நேரில் பார்க்காமல் நான் எதையும் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவன் இல்லை. அதனால்தான் கோடையில் கிளம்பினோம். போகும்போது வழக்கம்போல அட்டைப்பெட்டி கட்டி, மேலே கறுப்பு மார்க்கரில் என் பெயர், முகிலன் பெயர், முழு விலாசம் எல்லாம் நான்கு பக்கமும் எழுதி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கினேன். ஹோனலூலு விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களெல்லாம் வழிவிட்டு ஒதுங்கினார்கள். முகிலன் பத்தடி தள்ளியே நடந்து வந்தான்.

ஊரைப் பார்த்தவுடனே சுசீலா கார் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டாள். தென்னை, வாழை, செம்பருத்தி, பகலில் மூன்று தடவை மழை. அவர்களுடைய முக்கியமான சாப்பாடே சேப்பங்கிழங்குதான், மச்சான். அதை வேகவைத்து இடித்துக் கூழாக்கிச் சாப்பிடுகிறார்கள். இவள் மறுநாளே வாங்கிவந்து, மிளகாய்த்தூள் போட்டு முறுகலாக வறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் ஒரு கூடை கிழங்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, அடுப்பு இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனார். சுசீலாவுக்கு அதோடு மொழிப் பிரச்சினை தீர்ந்தது.

என் பாடுதான் திண்டாட்டம். முகிலன் எனக்கு ஒரு அரைக்கால் சட்டையும் பூப்போட்ட மேல்சட்டையும் வாங்கித் தந்து கடலுக்குக் கூட்டிப்போனான். குவைத்தில் ரொட்டி வாங்கப் போனாலும் சட்டைப்பையில் சிவில் ஐடி அட்டை இருக்க வேண்டும். அது என் உடம்பில் ஊறிப்போன பழக்கம். குளிக்கிற இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரைஞாண் கயிற்றில் ஊக்கால் குத்திக்கொண்டு அலையில் இறங்கினேன். கரையேறும்போது போலீஸ்காரர் ஒருவர் நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தார். என் கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. சொட்டச் சொட்ட அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். பாவம், அவர் எனக்குப் பின்னால் குடை பறந்து போனதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அரபி எழுத்தைப் பார்த்தார், என் படத்தைப் பார்த்தார். 'படம் நல்லா இருக்கு அங்கிள்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலாவதித் தேதியைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதிக்கு முன்னால் கோபம்தான் வந்தது; ஒரு மனிதன் இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததை இப்படியா அலட்சியம் செய்வது?

அதற்கடுத்தது பஸ் பாஸ். மாதப் பாஸ் எடுத்தால் மலிவு என்று முகிலன் எங்களை அந்த அலுவலக வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். உள்ளே ஒரு வரிசை நின்றது. நான் பார்த்தவுடனே அது நமக்கானது இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கே போனாலும் ஊர்க்காரர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு வரிசை இருக்கும், நாம் இரண்டாவதைத் தேட வேண்டும் என்பது எனக்கு யோசிக்காமலே வருவது. சுசீலாவை இழுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன், குப்பைத்தொட்டிகள் இருந்தன. மாடிக்கு ஏறினேன்; பூட்டியிருந்தது. மறுபடி வந்து வாசலில் நின்ற காவலாளியிடம், மலை போன்ற உடம்பு, காதோரம் பூ, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன், 'வெளியாட்கள் வரிசை எங்கே?' என்று. அவருக்குப் புரியவில்லை. மூன்று விதமாகக் கேட்டேன். கடைசியில் என் தோளில் கைவைத்துத் திருப்பி நிறுத்தி, 'அங்கிள், ஒரே ஒரு லைன்தான்' என்றார்.

அந்த ஊரில் வயதானவர்களை எல்லாம் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரிலும் கூப்பிடுகிறார்கள், அது வேறு. அங்கே எனக்கு உறவும் இல்லாத, தமிழும் தெரியாத ஒருவர் என்னை மாமா என்று சொல்லி வரிசையில் நிறுத்தினார். நான் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பாட்டியும் பின்னால் நின்ற மீன்காரரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் ஒரு வரிசையில் நிற்பது இவ்வளவு சுகம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, மச்சான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சுசீலா, 'என்ன, தூசியா?' என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை மறைக்கவில்லை. பூச்சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் உட்காருவேன், எங்கும் போவதற்கில்லை, சும்மா. சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் என்னிடம் வழி கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வருமா? ஒரு ஜோடியைக் கடற்கரைக்குப் பதிலாக மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர்கள் என்னைப் பார்த்துக் கையசைத்து, மீன் பிரமாதம் என்றார்கள்.

முகிலனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வால்டர் என்று ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், மனைவியை இழந்தவர். அவர் பிறந்தது அங்கே, அவருடைய அப்பா பிறந்தது அங்கே, தாத்தா பிறந்ததும் அங்கே. ஒரு நாள் நானும் அவரும் வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன இரண்டு பேர் அவரைச் சுட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஹவோலே என்ற அந்தச் சொல் என் காதில் விழுந்தது. வந்து சில வாரமே ஆன எனக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனார்கள்.

'வருத்தமா இருக்காதா?' என்று கேட்டேன்.

'சொல்றவர் குரலைப் பொறுத்தது. சிலர் செல்லமா சொல்வாங்க, சிலர் அடிக்கிற மாதிரி சொல்வாங்க,' என்றார்.

பிறகு அவரே விவரம் சொன்னார். அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த ஆள், ஆடு, மாடு, செடி எல்லாவற்றுக்கும் அது பொதுச்சொல். பிறகு கரும்புத் தோட்டத்து வேலைக்குச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களும் வெளியாட்கள்தான். ஆனால் தோட்டத்தின் சொந்தக்காரர்கள் வெள்ளைக்காரர்கள். குனிந்து வெட்டியவர்கள் மற்றவர்கள். கூடக் குனிந்தவர்கள் மெல்ல மெல்ல உள்ளூர் ஆகிவிட்டார்கள், நிமிர்ந்து நின்று பார்த்தவர்களோடு அந்தச் சொல் தங்கிவிட்டது. 'அதுல ஒரு நியாயம் இருக்கு,' என்றார் வால்டர். 'ஆனா நான் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட வாத்தியார். எங்கிட்ட தோட்டம் எதுவும் இல்ல.'

நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அரபு நாடுகளில் குனிந்தவர்கள் எத்தனை பேர். இங்கே குவைத்து மங்காஃபில் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்து எழுந்தவர்கள், வெயிலில் கம்பி கட்டியவர்கள், எங்களைப் போல மின்விசிறிக்குக் கீழே கணக்குப் பார்த்தவர்கள். எங்களுக்கும் ஒரு நாள் அந்தச் சொல் மாறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன். காத்திருக்கிற காரியத்தில் நான் கெட்டிக்காரன். வால்டரைப் பார்க்கத்தான் எனக்குப் பரிதாபமாக இருந்தது. நான் இங்கே வெளியாள் என்றால் மனசுக்குள் ஒரு மயிலாடுதுறை இருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவருக்குத் திரும்பிப் போக எந்த ஊரும் இல்லை. அன்று சாயங்காலம் ஒரு தட்டு நிறைய வறுவல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தட்டு காலியாகும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இதுதான் காரணம், மச்சான். முதல் ஆறு மாதம் விசிட்டில் போவது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றுதானே இங்கேயும் முப்பது வருடம் ஓடியது. சாகிறதுக்குள் சில வருடமாவது ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத வரிசையில் நின்றுவிட்டுப் போகிறேன், விடுங்கள்.

இப்போது வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அதுதான் தாங்கவில்லை. நீங்கள் இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. இதில் டீவி, மிக்ஸி தவிர நாங்கள் புதிதாக வாங்கியது என்று ஒன்றும் கிடையாது. அப்பாசியாவில் யார் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனாலும் அவர்கள் சாமானைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். எடுத்த சாமானுக்குப் போனவர்கள் பேரே நின்றுவிடும். ஃப்ரிட்ஜுக்கு இன்றுவரை நளினி டீச்சர் என்றுதான் பேர். 'நளினி டீச்சர்ல தயிர் இருக்கு, எடுத்துக்கோங்க' என்பாள் சுசீலா. டீச்சர் திருச்சூருக்குப் போன வருடம்தான் முகிலனுக்குப் பால் பல் விழுந்த வருடம். கட்டில் ரிபாய் பாய். முகம்மது ரிபாய் காயல்பட்டினத்துக்குப் போய்ப் பேரன் எடுத்துவிட்டார், நாங்கள் இன்னும் அவர் மேல்தான் படுத்துக்கொண்டிருக்கிறோம். இதுபோக, கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். டீவி வாங்கிய பெட்டி, மிக்ஸி வாங்கிய பெட்டி எல்லாவற்றையும் ஊருக்குப் போகும்போது வேண்டும் என்று தட்டி மடித்து வைத்தோம். டீவி செத்து, அதற்கடுத்த டீவியும் செத்துவிட்டது. பெட்டிகள் புதுசாக இருக்கின்றன.

நேற்று ஒரு சின்னக் குடும்பம் வந்து பார்த்தது. விஜி என்ற பெண், அரியலூர்ப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரனிடம், 'ஏங்க, இந்த அனந்தகிருஷ்ணன் சார் நமக்குப் போதும்ங்க' என்றாள். நான் பால்கனிக்குப் போய்விட்டேன். கீழே பள்ளிக்கூட பஸ் நிற்கிற இடம். முகிலன் அங்கே முதுகைவிடப் பெரிய பையோடு நிற்பான்; நான் மேலேயிருந்து கையைக் காட்டுவேன், அவன் கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று கையை இடுப்பளவில் மட்டும் ஆட்டுவான். புழுதிக்காற்று அடிக்கிற நாட்களில் அந்தக் கை தெரியாது, ஆட்டியிருப்பான் என்று நானே வைத்துக்கொள்வேன். என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் எல்லாம் என்னை வெளியாள் என்று சொன்ன இந்த ஊரில்தான் கழிந்தன. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மேல்மாடிக்குக் குடிவைக்கும்போது ஆளைப் பார்த்து வையுங்கள். சாப்பாடு ஒரு வேளையாவது அவர்கள் வீட்டிலிருந்து வருகிற மாதிரிப் பேசிக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பகலில் மறக்கிறீர்கள் என்று சுசீலா சொல்கிறாள், மறக்க வேண்டாம். பச்சை நிறம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மங்காஃபில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மணல்மேட்டுக்காரர் சோலைமுத்து வியாழக்கிழமை லீவில் வருகிறார், இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பவும். நம் ஊரில் உள்ள எல்லாச் சாமியும் உங்களைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். பெரியவராகிய உங்கள் ஆசியைக் கடல் தாண்டி எதிர்பார்க்கும்,

தங்கள் அன்புள்ள,
அனந்தகிருஷ்ணன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். கடிதத்தை உறையில் போடுவதற்குள் முகிலன் போன் செய்தான். ஹவாய் வேலையை விட்டுவிட்டானாம். புஜைராவில், ஐக்கிய அமீரகத்தின் கிழக்குக் கரையில், அதே கப்பல் வேலை கிடைத்துவிட்டதாம், அடுத்த மாதம் சேருகிறான். 'ஏன்டா, உன்னை உள்ளூர்க்காரன்னு மதிச்ச ஊராச்சேடா' என்று கேட்டேன். 'அதுதான்ப்பா கஷ்டமா இருக்கு,' என்றான். 'எல்லாரும் லோக்கல்னு நினைச்சு சிரிக்கிறாங்க. எனக்கு ஏமாத்தற மாதிரி இருக்கு. புழுதிக்காத்து, பாங்குச் சத்தம், பக்காலா மளிகைக் கடையில மலையாளம், இது எதுவும் இல்லாம தூக்கம் வர மாட்டேங்குது. அங்க நான் வெளியாள்தான், தெரியும். அந்த வெளி எனக்குப் பழகின வெளிப்பா.' நான் போனை வைத்துவிட்டு, நளினி டீச்சர் மேல் சாய்ந்துகொண்டு நின்றேன்.

சுசீலாவிடம் சொன்னேன், கிடைத்த ஊரும் போயிற்று என்று. நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தை அவள் எடுத்து முழுக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: 'உங்களுக்கு ஒரு கோடையில ஊரு கெடைச்சுது, ஒரு போன்ல போயிடுச்சு. இதுக்குப் போயி இவ்ளோ காகிதம். எனக்கு ஊருன்னா எங்க அண்ணன் இருக்கற எடம். யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?'

கேட்கவில்லை என்பது வாஸ்தவம். டிக்கெட் போட்டுவிட்டோம், மச்சான். சோலைமுத்துவிடம் கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டேன்; எழுதிய காகிதத்தை வீணாக்குகிற பழக்கம் ஸ்டோர்காரனுக்கு இல்லை என்பதால் நானே கொண்டுவந்து தருகிறேன். இனி வருவதை மட்டும் இன்றே வாட்ஸப்பிலும் அனுப்பிவிடுகிறேன், கட்டைவிரலைத் தூக்கினாலும் சரி. மேல்மாடியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், யாராவது வந்திருந்தால் நாசூக்காகத் திருப்பி அனுப்பவும். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறோம். ஸ்டேஷனுக்கு ஆட்டோவை அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள். இவள் இப்போதே ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.